இத்தாலிக் கடலோரம் குழந்தைகளுக்கானது

"சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு இத்தாலியா? அதுவும் கடலோரத்தில் மூன்று வாரமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அலுவலகத்தில் கேட்பார்கள். பயண முகவரும் கேட்பார். பிள்ளைக்கு ஏழெட்டு வயதாகட்டும், அப்போதுதான் பார்த்தது மனதில் நிற்கும் என்பார்கள். போயே தீர வேண்டுமென்றால் பத்து நாளில் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் முடித்து, நடுவில் ஒரு நாள் அமால்ஃபியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள் என்பார்கள். அக்கறையோடு சொல்லப்படும் அறிவுரைதான். ஆனால் அது தவறான அறிவுரை. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையோடு ஐரோப்பாவில் நீண்ட நாள் தங்க, இத்தாலியின் மணற்கரை ஊர்களைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே போக வேண்டிய வயதும் இதுவேதான்.

அந்த அறிவுரைக்குப் பின்னால் இருப்பவை சில படங்கள். செங்குத்தான மலைச்சரிவில் அடுக்கடுக்காக வண்ண வீடுகள், அடியில் நீலக் கடல். அமால்ஃபி கரையின் பொசிதானோ, அல்லது சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களில் ஏதாவது ஒன்று. இத்தாலிக் கடலோரம் என்றதும் நம் மனதில் வருவது இந்தக் காட்சிதான். அந்த ஊர்களைப் பற்றிச் சொல்லப்படும் குறைகள் எல்லாம் உண்மை. சிங்க்வே தெர்ரேயின் கொர்னீலியாவுக்கு ரயில் நிலையத்திலிருந்து ஏற 370-க்கும் மேற்பட்ட படிகள். பொசிதானோவில் தெரு என்பதே பெரும்பாலும் படிக்கட்டு. அமால்ஃபி கரையின் 163-ஆம் எண் சாலை மலையைச் செதுக்கிப் போட்டது. கோடையில் பேருந்தில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது, வளைவுக்கு வளைவு குழந்தைக்குக் குமட்டும். பொசிதானோவின் பெரிய கடற்கரையில் இருப்பது கூழாங்கல். சிங்க்வே தெர்ரேயில் சொல்லிக்கொள்ளும்படியான மணல் மோந்தெரோஸ்ஸோவில் மட்டும்தான் உண்டு. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே ஒரு மாதம் இருங்கள் என்று நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் இத்தாலியின் கடற்கரை ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். அமால்ஃபி கரை அதில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சிங்க்வே தெர்ரே அதைவிடச் சிறியது. இந்த இரண்டு துண்டுகளைப் பார்த்துவிட்டு மீதி முழுவதையும் குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்குகிறோம். இத்தாலியக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகிறார்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருந்தால் இந்த எண்ணம் இவ்வளவு பரவியிருக்காது. அவர்கள் போவது கிழக்குப் பக்கம், அட்ரியாட்டிக் கரைக்கு. ரிமினி, ரிச்சோனே, கத்தோலிக்கா, செசெனாத்திக்கோ, செர்வியா, இன்னும் தெற்கே செனிகாலியா. மேற்கே என்றால் வியாரெஜ்ஜோவை ஒட்டிய வெர்சீலியா. நம் சுற்றுலாப் பட்டியல்களில் இந்தப் பெயர்களைக் காண்பது அரிது.

ஏன் அங்கே என்பதற்கு நிலமே பதில் சொல்கிறது. சிங்க்வே தெர்ரே இருக்கும் லிகூரியாவிலும் அமால்ஃபியிலும் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. வண்டல் தங்க இடமில்லை, அதனால் நீர் தெளிவு. அதே காரணத்தால் கரையிலிருந்து சில எட்டு வைத்ததும் பல இடங்களில் பெரியவர்களுக்கே கால் எட்டாது. படத்தில் நாம் வியக்கும் நீலம் ஆழத்தின் நிறம். கிழக்கே நிலைமை வேறு. ஆல்ப்ஸிலிருந்தும் அப்பெனைன் மலைகளிலிருந்தும் போ நதியும் சிற்றாறுகளும் அடித்துவரும் மண் வட அட்ரியாட்டிக்கில் காலங்காலமாகப் படிந்திருக்கிறது. கடலடி மிக மெதுவாகச் சரிகிறது. ரிமினியில் கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் நீர் இடுப்பளவுதான். நுண்மணல், சிறிய அலை. பல ஊர்களில் கரைக்கு இணையாகக் கடலுக்குள் கல் தடுப்புகள் போட்டிருப்பதால் உள்ளே நீர் இன்னும் அமைதி.

இந்தக் கடலைக் கலங்கல் என்று இகழ்கிறவர்கள் உண்டு. கலங்கல்தான். ஆற்று நீர் சுமந்துவரும் சத்துகளால் சில கோடைகளில் பாசிப் பிசின் மிதந்து வருவதும் உண்டு. 1989-இல் அது ரிமினியின் சுற்றுலாவையே உலுக்கியது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வண்டல் நீரின் நிறத்தைக் கெடுக்கிறதோ அதே வண்டல்தான் இரண்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்து கையால் அலையை அடித்து விளையாடும் திட்டை உண்டாக்கியிருக்கிறது. பெற்றவர்கள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். ஆழமில்லாத நீர் என்பதால் ஆபத்தில்லாத நீர் ஆகிவிடாது. கல் தடுப்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில் நீரோட்டம் வெளிநோக்கி இழுக்கும். சிறு குழந்தை மூழ்க முழங்காலளவு நீரும் போதும். கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். சிவப்புக் கொடி ஏறிவிட்டால் நீரில் இறங்கவே கூடாது.

வரலாற்றுக்கு வருவோம். இத்தாலிக் கடலோரம் பெரியவர்களின் களியாட்டத்துக்கு உரியது, குழந்தை அங்கே இடைஞ்சல் என்ற எண்ணம் வரலாற்றையே தலைகீழாக்குகிறது. ரிமினியில் முதல் கடற்குளியல் நிலையம் 1843-இல் வந்தது. அது வசதி படைத்தவர்களுக்கு, உண்மைதான். ஆனால் சில ஆண்டுகளிலேயே இன்னொரு கதை தொடங்கிவிட்டது. ஜுஸெப்பே பரெல்லாய் என்ற ஃபுளோரன்ஸ் மருத்துவர், கழுத்தில் நெறிகட்டும் காசநோயால் அவதிப்பட்ட ஏழைக் குழந்தைகளைக் கடற்காற்றிலும் வெயிலிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார், பணம் திரட்டினார். 1856-இல் முதல் குழந்தைகள் வியாரெஜ்ஜோவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து கடலோரக் குழந்தை மருத்துவ இல்லங்கள் இத்தாலியின் இரு கரைகளிலும் பரவின. கடற்கரையை ஏழைப் பிள்ளைகளின் உரிமையாக நினைத்த ஒருவர் அவர். அவருடைய பெயர் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் அந்த இல்லங்களின் வழியில் 'கொலோனியா' எனப்பட்ட கோடை விடுதிகள் எழுந்தன. நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் தொழிலாளர்களின் பிள்ளைகளைக் கோடையில் கடலுக்கு அனுப்பின. முசோலினியின் ஆட்சி இவற்றைக் கைப்பற்றி, சீருடையும் அணிவகுப்புமாகத் தன் பரப்புரைக்குப் பயன்படுத்தியது. அந்தக் கறை அவற்றின் மேல் இருக்கிறது. போருக்குப் பிறகும் பல விடுதிகள் நடந்தன. ரிமினி அமைந்த ரோமாஞாக் கரையில் இன்றும் அந்தப் பெருங்கட்டடங்களைப் பார்க்கலாம். சில பாழடைந்து கிடக்கின்றன. கத்தோலிக்காவில் கப்பல் வடிவில் 1930-களில் கட்டிய ஒரு கொலோனியா இன்று மீன்காட்சியகம். சுறாக்களைப் பார்க்கக் குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குழந்தைகளை மனதில் வைத்தே வளர்ந்த கரை இது. இதைக் குழந்தைக்கு உகந்ததல்ல என்று ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தீர்ப்பு எழுதுவது எந்த நியாயம்?

இன்றைய நடைமுறையும் அதைத்தான் காட்டுகிறது. கரை நெடுக 'பாஞோ' எனப்படும் கடற்குளியல் நிலையங்கள். ரிமினியில் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வரிசையாகக் குடை, சாய்நாற்காலி, உடைமாற்றும் அறை, நன்னீர்க் குளியல், கழிப்பறை, சிறு உணவகம், பெரும்பாலானவற்றில் ஊஞ்சலும் சறுக்குமரமும். உயிர்காப்பாளர் உயர்ந்த மேடையில் உட்கார்ந்திருப்பார், அருகில் துடுப்புப் படகு தயாராக இருக்கும். உங்கள் குடை எந்த வரிசையில் எத்தனையாவது என்பது தங்கும் காலம் முழுக்க மாறாது. பக்கத்துக் குடைக்காரரும் மாறமாட்டார், அவருடைய பேரப்பிள்ளையும் மாறமாட்டாள். மொழி தெரியாத இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் ஒரே வாளியில் மணலள்ளப் பழகுவதற்கு இரண்டு நாள் போதும்.

இதற்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே, கடற்கரைக்கும் கட்டணமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இத்தாலியிலேயே அது பெரிய அரசியல் வழக்கு. மணற்கரையின் கணிசமான பகுதி தனியார் உரிமத்தில் இருப்பதை எதிர்த்து அங்குள்ளவர்களே போராடுகிறார்கள். ஆனால் நீர் விளிம்பு சட்டப்படி எல்லோருக்கும் பொது, யாரும் நடக்கலாம், யாரும் இறங்கலாம். நடுநடுவே கட்டணமில்லாத பொதுக் கரைகளும் இருக்கின்றன. குடையை நாள் கணக்கில் எடுத்தால் விலை கூடும், வாரக் கணக்கில் குறையும், மாதம் என்றால் இன்னும் குறையும். நீண்ட தங்கலுக்கு ஏற்பவே அந்த விலைமுறை அமைந்திருக்கிறது.

குழந்தை மருத்துவர்களின் கருத்து வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. இத்தாலோ ஃபர்னெத்தானி என்ற குழந்தை மருத்துவரின் முயற்சியால் 2008 முதல் இத்தாலியக் குழந்தை மருத்துவர்கள், பிள்ளைகளுக்கு ஏற்ற கடற்கரைகளுக்குப் 'பச்சைக் கொடி' அளித்து வருகிறார்கள். தூய்மையான நீர், கரையோரத்தில் ஆழமின்மை, வீடு கட்டி விளையாட மணல், உயிர்காப்பாளர், குடைகளுக்கிடையே ஓடியாட இடம், பக்கத்தில் ஐஸ்கிரீம் கடையும் உணவகமும் என்பவை அவர்கள் பார்க்கும் தகுதிகள். ஒரு நாட்டின் குழந்தை மருத்துவர்கள் கூடி இப்படியொரு பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள் என்றால் அந்த நாடு தன் கடற்கரையை யாருக்கானதாக நினைக்கிறது என்பது விளங்கும்.

இனி, 'குழந்தைக்கு நினைவிருக்காது' என்ற வாதம். இதைச் சொல்பவர்கள் இதை மறுக்க முடியாததாக நினைக்கிறார்கள். மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரியவர்களான பின் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் இல்லை என்பது உண்மை. அதிலிருந்து குழந்தை எதையும் மனதில் வைப்பதில்லை என்ற முடிவுக்குத் தாவுவது பிழை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கரோலின் ரோவீ-கோலியர் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தொட்டிலுக்கு மேல் தொங்கும் விளையாட்டுப் பொருளை ஒரு நாடாவால் குழந்தையின் காலோடு கட்டிவிடுவார். உதைத்தால் அது ஆடும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். பிறகு எத்தனை நாள் கழித்து அதே பொருளைக் கண்டதும் உதைக்கிறது என்று பார்ப்பார். இரண்டு மாதக் குழந்தைக்கு அந்த நினைவு ஓரிரு நாள் நின்றது. ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு வாரம். சற்றே பெரிய பிள்ளைகளுக்கு விசையை அழுத்தினால் ஓடும் பொம்மை ரயிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது ஏறத்தாழ மூன்று மாதம் நின்றது. இடையிடையே நினைவூட்டினால் காலம் இன்னும் நீண்டது.

இந்த ஆய்வு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. குழந்தை மறந்துகொண்டே இருக்கும் பாத்திரமல்ல. வயதுக்கேற்பக் கற்றதை வைத்துக்கொள்கிறது. இரண்டாவதுதான் நம் விவாதத்துக்கு முக்கியம்: ஒரே அனுபவம் திரும்பத் திரும்ப வரும்போது அது நிலைக்கிறது. ஆறு நகரங்களில் ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை பார்க்கும் குழந்தைக்கு எதுவும் திரும்ப வருவதில்லை. ஒரே தெரு வழியாக ஒரே கரைக்கு இருபது காலைப்பொழுதுகள் நடக்கும் குழந்தை, மூன்றாம் நாளே எந்தத் திருப்பத்தில் கடல் தெரியும் என்று கைகாட்டத் தொடங்கும். முதல் நாள் நீரைக் கண்டு கத்திய பிள்ளை இரண்டாம் வாரம் அலைக்கு முகம் கொடுக்கும். ரிமினி என்ற பெயர் பிற்பாடு அதற்கு நினைவிருக்காது. ஆனால் நீரைக் கண்டு அஞ்சாத உடம்பு அதனிடம் இருக்கும். நினைவிருக்காது என்பவர்கள் உண்மையில் கேட்பது, பின்னாளில் பேசுவதற்கு என்ன மிஞ்சும் என்பதைத்தான். வளரும் குழந்தையின் ஒரு கோடையை அந்தக் கணக்கில் மதிப்பிடக் கூடாது.

நீண்ட தங்கலை எதிர்ப்பவர்களுக்குச் சொல்ல இன்னும் இருக்கிறது. நம் நேரத்துக்கும் இத்தாலியின் கோடை நேரத்துக்கும் மூன்றரை மணி வித்தியாசம். இரவுப் பயணம் வேறு. குழந்தையின் தூக்கமும் பசியும் ஒழுங்குக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். பத்து நாளில் நான்கு ஊர் என்று போட்டால், உடம்பு பழகும்போது பெட்டி கட்ட வேண்டும். புதிய அறை, புதிய கட்டில், புதிய சத்தம். அந்தப் பயணங்களில் குழந்தை அழுகிறது, பெற்றோர் சண்டையிடுகிறார்கள். பிறகு ஊருக்கு வந்து 'குழந்தையோடு இத்தாலி ரொம்பக் கஷ்டம்' என்று எல்லோருக்கும் சொல்கிறார்கள். கஷ்டத்தை உண்டாக்கியது அந்தப் பயணத்திட்டம். பழியைச் சுமப்பது குழந்தை. இந்த அநியாயம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

இத்தாலியர்கள் அப்படிப் போவதில்லை. அங்கே பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் மூடினால் செப்டம்பர் நடுவில்தான் திறக்கும். ஒரே கடலோர ஊரில் வாரக்கணக்கில், முன்பெல்லாம் மாதக்கணக்கில், குடும்பத்தோடு தங்குவது அவர்களுடைய பழைய வழக்கம். காலை எட்டு மணிக்குக் கரை. பதினொன்றரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பி, மதிய உணவு, உறக்கம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆகாமல் பிள்ளைகளை நீரில் இறங்கவிடாத தாய்மார்கள் அவர்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் வலுவாக இல்லை என்றாலும், உச்சி வெயிலில் குழந்தையை நிழலில் வைக்க அதைவிட நல்ல விதி வேறில்லை. நான்கு மணிக்கு மேல் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, மறுபடி கரை. இரவு உணவுக்குப் பிறகு ஊரே வீதியில் நடக்கிறது, குழந்தைகளும் கூடத்தான். சிறு குழந்தையின் உடம்பு கேட்கும் நாளொழுங்கும் இதுவே.

மூன்று வார விடுப்பு எல்லோருக்கும் கிடைக்காது என்பதை அறிவேன். கிடைக்காதவர்களுக்கு என் வாதம் மாறவில்லை: இருப்பது பத்து நாளென்றால் பத்து நாளும் ஒரே ஊரில் இருங்கள்.

எல்லா மறுப்புகளிலும் நான் மிகவும் மதிப்பது ஒன்றுண்டு. அதைப் பெண்கள்தான் சொல்கிறார்கள். 'வாடகை வீடு எடுத்து ஒரு மாதம் என்றால், இங்கே செய்யும் சமையலையும் துவைப்பையும் அங்கே போய்ச் செய்ய வேண்டும். அது யாருக்கு விடுமுறை?' இத்தாலியின் அந்த நீண்ட கோடைகளிலும் இந்தக் குறை இருந்தது. அப்பா நகரத்தில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் வருவார், அம்மா பிள்ளைகளோடு தனியாக எல்லாவற்றையும் பார்ப்பாள். அந்த ஏற்பாட்டை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரோமாஞாக் கரையில் இதற்கொரு நல்ல வழி உண்டு. குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளில் மூன்று வேளை உணவோடு அறை கிடைக்கும். குழந்தைக்கு வேகவைத்த காய் மசித்துத் தாருங்கள், சூப்பில் குட்டிப் பாஸ்தா போட்டுத் தாருங்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் செய்து தரும் சமையலறைகள் பல உண்டு. சமையலறையுள்ள வீடு சிக்கனம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சிக்கனத்தை யார் உழைப்பால் ஈடுகட்டுகிறோம் என்று கணவர்கள் யோசிக்கட்டும். வீடு எடுத்தால் சமையல் முறைவைத்து நடக்க வேண்டும், இல்லையென்றால் விடுதி. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிய பயம் அளவுக்கு மீறியது. வெண்ணெயும் சீஸும் மட்டும் சேர்த்த பாஸ்தா, தக்காளிப் பாஸ்தா, ரிசோத்தோ எனும் குழைந்த சோறு, பழம், தயிர் என்று குழந்தை உண்ணக்கூடியவை எங்கும் கிடைக்கும். ரோமாஞாவின் பியதீனா நம் சப்பாத்தியைப் போன்ற கோதுமை ரொட்டி, மென்மையான பாலாடைக்கட்டியோடு தருவார்கள். சைவர்கள் மட்டும் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய முறைப் பியதீனாவில் பன்றிக் கொழுப்பு சேரும், ஆலிவ் எண்ணெயில் செய்வதும் உண்டு, அதைக் கேளுங்கள். சூப்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் ஆனது. குழாய் நீரைக் குடிக்கலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் பச்சைச் சிலுவை ஒளிரும் மருந்துக்கடை ஊருக்கு ஊர் இருக்கிறது. கோடையில் கடலோர ஊர்களில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே மருத்துவர் அமர்த்தப்படுகிறார், சிறு கட்டணம் உண்டு. அவசரத்துக்கு 112. விசாவுக்காக எப்படியும் 30,000 யூரோ அளவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். பதினைந்து நாளில் ஐந்து ஊர் மாறும் குடும்பத்தைவிட, தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கு முகம் தெரிந்த குடும்பம் நோய் வந்தால் நன்றாகச் சமாளிக்கும்.

ஒரே ஊரில் இருந்தால் இத்தாலியைப் பார்க்க முடியாதே என்பது கடைசியாக வரும் கேள்வி. ரிமினியிலிருந்து ராவென்னாவுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்தப் பாதையில்தான் செசெனாத்திக்கோவும் செர்வியாவும் வருகின்றன. செசெனாத்திக்கோவின் கால்வாய்த் துறைமுகத்தை 1502-இல் லியொனார்தோ தா வின்ச்சி அளந்து வரைந்தார். இன்று அதில் வண்ணப் பாய்மரங்களோடு பழைய மீன்பிடிப் படகுகளை மிதக்கும் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகள் நின்று பார்க்க அது போதும். செர்வியாவின் உப்பளங்களில் பூநாரைகள் இறங்குகின்றன. ராவென்னா ஐந்தாம் நூற்றாண்டில் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரமாக இருந்தது. காலா பிளாச்சீதியாவின் பெயரால் அறியப்படும் சிறு கல்லறைக் கட்டடத்துக்குள், தாழ்ந்த கூரை முழுவதும் கருநீலத்தில் பொன் விண்மீன்கள் பதித்திருக்கின்றன. ஃபுளோரன்ஸின் உஃபீசி கலைக்கூடத்தின் நீண்ட வரிசையில் மூன்று வயதுப் பிள்ளை பத்து நிமிடம் நிற்காது. இங்கே தலையை நிமிர்த்தினால் போதும். வாரத்துக்கு ஒரு வெளியூர், மதிய உறக்கத்துக்கு அறைக்குத் திரும்புதல் என்று வைத்துக்கொண்டால், அவசரச் சுற்றுலாவில் போனவர்களைவிட நீங்கள் அதிகமாகவே பார்த்திருப்பீர்கள்.

தெற்கே போக விரும்புகிறவர்களுக்கு ஒரு மாற்று சொல்கிறேன். சிசிலியின் பலேர்மோவில் இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். நகரைக் காக்கும் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரீனோ மலைமேல், அவர்களில் இந்துக்களும் நேர்ந்துகொண்டு நடந்து போகிறார்கள். அந்த மலையடிவாரத்தில்தான் மொந்தெல்லோ என்ற வெண்மணல் விரிகுடா, ஆழமில்லாத நீர். ஆனால் சிசிலியின் ஜூலை, ஆகஸ்ட் வெயில் கைக்குழந்தைக்கு ஆகாது. மே கடைசியோ செப்டம்பர் பிற்பாதியோ நல்லது.

அட்ரியாட்டிக்கிலும் ஆகஸ்டைத் தவிருங்கள். ஆகஸ்ட் 15 பெருவிழாவை ஒட்டிய வாரங்களில் நாடே கடலுக்கு வருகிறது, வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஜூன் முதல் மூன்று வாரமும் செப்டம்பர் முதல் பாதியும் குழந்தைக்கும் பணப்பைக்கும் ஏற்றவை. போகும் தேதியில் அந்த ஊரில் உயிர்காப்பாளர் பணி தொடங்கிவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று விடுதியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். துபாயிலிருந்து பொலோஞாவுக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து ரிமினி ரயிலில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ரோமில் இறங்கிக் குழந்தையை நாட்டின் குறுக்கே இழுத்துச் செல்லத் தேவையில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு விமானக் கட்டணம் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான், தனி இருக்கை கேட்காதவரை. இத்தாலிய அரசு ரயிலில் தனி இருக்கை எடுக்காத, நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சீட்டே வேண்டாம்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்க அது இடம் தருகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோர் இருவரின் ஒப்புதலையும் இப்போதே தயார் செய்யுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு விசாக் கட்டணம் கிடையாது.